சரணுக்குச் சொன்ன விலாசம்

பேய் என்றால் ராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது நல்ல பகலில். மே மாதம் முப்பதாம் தேதி, மதியம் இரண்டு மணி இருபது நிமிடம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தயாரான பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. கண்ணில் பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஷோபனா. அப்பா கஜபதி, ஆவடியில் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். நானும் தம்பி சரணும் பிறந்து வளர்ந்தது ஃபாக்டரி குவார்ட்டர்ஸில். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு குழாய். சரண் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வரும்போதெல்லாம் முன்வாசல் வழியாக வரமாட்டான். பின்பக்கம் போய் பூட்ஸைத் தளர்த்தி, குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டுத்தான் "அம்மா" என்று கூப்பிடுவான். இருபத்து மூன்று வயதில், ஒரு மார்ச் மாதம், வடக்கே எல்லையில் சண்டை நடந்த வாரத்தில், மலைமேல் இருந்த காவல் முகாமில் குண்டு விழுந்து இறந்துபோனான்.

பெட்டிதான் வந்தது. கூட வந்த அதிகாரி அப்பாவைத் தனியாக அழைத்து, திறக்க வேண்டாம் என்று சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா அதை மன்னிக்கவே இல்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவாள்? அவளைப் பொறுத்தவரை சரணுக்கு லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பதாகையில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தோம். அன்று காலை சாமானெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் பேபி அக்கா வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா ஹேமா, லாரிக்காரன் கத்திகினு கீறான் பாரு. எந்திரி."

"எம் புள்ளைக்கு இந்த ஊடுதான் தெரியும். லீவுல வந்து நின்னான்னா இங்க யாரு இருப்பா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் இருக்கேம்மா. பெருக்கிட்டு, சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுத்தான் வருவேன். அவனுக்கு சொல்லிட்டு வரேன்."

"புது அட்ரஸ் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"தெரு, கேட்டு எல்லாம்?"

"எல்லாம் சொல்றேம்மா. நீ போ."

அவளை லாரியில் ஏற்றுவதற்காகச் சொன்ன பொய் அது. அப்பாவும் அவளும் முன்சீட்டில் ஏறிப் போனார்கள். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

கரண்ட்டையும் தண்ணீரையும் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். காலியான வீட்டில் துடைப்பத்தின் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. முன் அறையை முடித்தேன். உள் அறையை முடித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

ஒன்று ஐம்பதுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பின்பக்கம் குழாய் திறந்தது. முதலில் வெறும் தரையில் தண்ணீர் விழும் ஓசை. அப்புறம் பக்கெட்டில் விழும் ஓசை. பக்கெட் நிறைய நிறைய அந்த ஓசை மாறிக்கொண்டே வந்தது. பேபி அக்காவாக இருக்கும் என்று நினைத்துக் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன்.

யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. திருகிப் பார்த்தேன்... ஒரு சொட்டு வரவில்லை. தரை காய்ந்து கிடந்தது. எங்கள் பக்கெட் லாரியில் போய்விட்டது.

கதவைத் தாழ் போட்டேன். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். இது நன்றாக நினைவிருப்பதால்தான் சொல்கிறேன்.

இரண்டு ஐந்துக்கு ஒரு வாசனை வந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்த வெடி வாசனை. மே மாதத்தில்.

திரும்பி முன் அறைக்கு வந்தேன். நான் பெருக்கி முடித்த தரையில் ஈரத் தடம் இருந்தது. பூட்ஸ் தடம். இடது கால் முழுசாகப் பதிந்திருந்தது. வலது கால் பதியவில்லை... இழுத்துக்கொண்டு போன கோடு மட்டும்.

குனிந்து ஈரத்தை விரலால் தொட்டேன்.

ஐஸ். விரல் மரத்துப்போனது.

ஓடியிருக்கலாம். முன்கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வெயில் தெரிந்தது, யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கையில் கட்டியிருந்த வாட்ச் என் கண்ணுக்கு நேராக இருந்தது. இரண்டு இருபது.

சமையலறை வாசலில்...

பூட்ஸ் தெரிந்தது.

கயிறு அவிழ்ந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அதற்கு மேலே நான் பார்க்கவில்லை.

"அக்கா..."

சரணின் குரல். களைத்துப்போன குரல்.

"ஊடு ஏன் காலியா கீது?"

கீழே கிடந்த துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா எங்க?"

அப்போதுதான் அழுகை வந்தது. பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கோவில்பதாகை போயிட்டோம்டா... ஏரிக்கரைப் பக்கம்... மூணாவது தெரு..."

"கோவில்பதாகை... மூணாவது தெரு..." அவனும் மெதுவாகச் சொன்னான்.

"ஒரு முருங்கமரம் இருக்கும்..."

"முருங்கமரம்..."

"எதிர்ல நீலக் கேட்டு. அம்மா அங்கதாண்டா இருக்கா."

"நீலக் கேட்டு..."

ஒரு மூச்சு. நீளமாக இழுத்துவிட்ட மூச்சு.

"குளிருதுக்கா."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் தலையைத் தூக்கியபோது இரண்டு முப்பத்தொன்று. வாசல் காலியாக இருந்தது. தரை காய்ந்திருந்தது. கொல்லைக் கதவின் தாழ், போட்டது போட்டபடி இருந்தது.

கூடப் பிறந்தவன். சின்ன வயதில் என் இடுப்பை விட்டு இறங்காதவன். அவனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துப் புது வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்டிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு அம்மா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு.

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்தான். சரண் வயதுதான் இருக்கும். இடது கக்கத்தில் ஊன்றுகோல். இடது முழங்காலுக்குக் கீழே பேண்ட் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா போய் அழைத்து வந்தார்.

யூசுப் என்று பெயர். பூந்தமல்லி பக்கம் நசரத்பேட்டை. சரணோடு ஒரே முகாமில் இருந்தவன். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அப்புறமும் எங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை என்றான்.

அம்மா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்த அட்ரஸ் யாரு குடுத்தாங்க தம்பி? பட்டாளத்துல பழைய அட்ரஸ்தானே இருக்கும்?"

"சரண்தாம்பா சொன்னான்."

"எப்போ?"

"அன்னிக்கு. குண்டு விழுந்தப்புறம் அவன் என் பக்கத்துலதான் கெடந்தான். வலது கால் போயிடுச்சு அவனுக்கு. ஒரே பனி. எங்கள எடுத்துனு போறதுக்கு யாரும் மேல வர முடியல. மதியம் ரெண்டு, ரெண்டேகால் இருக்கும். அதுவரைக்கும் பேசாம கெடந்தவன் திடீர்னு யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சான்."

நான் அவன் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"'ஊடு ஏன் காலியா கீது'ன்னான். 'அம்மா எங்க'ன்னான். அப்புறம் கோவில்பதாகை, மூணாவது தெரு, முருங்கமரம், நீலக் கேட்டு... பாடம் படிக்கிற மாதிரி சொல்லிகினே இருந்தான். நான் மனசுல வச்சிகினேன். போன வருஷம் ஒருவாட்டி வந்து பாத்தேம்பா. முருங்கமரம் இருந்துச்சு. எதிர்ல வெறும் மனை. ஏதோ பினாத்தியிருக்கான்னு திரும்பிட்டேன். மனசு கேக்காம இன்னிக்குத் திரும்ப வந்தா, நீலக் கேட்டு கீது."

அந்த மனையை நாங்கள் வாங்கியது சரண் இறந்து ஏழு மாதம் கழித்து. கேட்டுக்கு நீல பெயிண்ட் அடித்தது இந்த ஏப்ரலில். கடையில் பச்சை தீர்ந்துபோயிருந்ததால் நான்தான் நீலம் வாங்கி வந்தேன்.

அம்மா அழவில்லை. யூசுப்பின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"வேற இன்னா சொன்னான் எம் புள்ள?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

"கடைசியா ஒண்ணு சொன்னான்மா. 'அக்கா அழுவுது... என்னை நிமிந்து பாக்க மாட்டேங்குது'ன்னு. அதுக்கப்புறம் அவன் பேசல."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ பாக்கலியாடி?"