சனிக்கிழமை வேலைக்கு ஒரு கடிதம்

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் வயது கேட்கிற ஆளைப் பொறுத்தது. கொழுந்தெடுக்கப் பேர் பதிகிறார்களா, இரண்டு மூன்றைக் கூட்டிச் சொல்வார்கள். பால்மா கொடுக்கிறார்களா, குறைத்துச் சொல்வார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. "கேக்குறவங்களுக்கு எது வேணுமோ அதைச் சொல்றோம்" என்பாள் அம்மா. அந்தப் பழக்கம் ஒருநாள் என் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

எனக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அப்பா மலையில் சறுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து படுத்திருந்தார். அம்மாவின் ஒரு ஆள் சம்பளம் பற்றவில்லை. தோட்டத்துக்கு ஆள் பதிந்து வேலை வாங்கும் கங்காணி வாசலில் வந்து நின்றார். "என்னா தங்கச்சி, பொண்ணு வளந்து நிக்குது. திங்கக்கிழமை பேரைப் பதிஞ்சிருவமா?" பேர் பதிந்தால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி.

அம்மா பதில் சொல்லுமுன் நான் ஒரு வழி தேடிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு ஓடினேன். அங்கே சாதிக்காய், கராம்பு, மிளகு வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போய், சனிக்கிழமையும் லீவு நாளிலும் வந்து சாதிக்காய் தரம் பிரித்துத் தருகிறேன் என்றேன்.

"வேலை இரிக்கி மகள். ஆனா ஒன்ட வயசுப் புள்ளைய வெச்சிக்கிறதுண்டா தொழில் கந்தோர்ல கடதாசி எடுக்கணும். இல்லாட்டி ஏலா. போன மாசந்தான் வந்து என்னைய ஏசிட்டுப் போனாங்க. உம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் அரசாங்கத் தொழில் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். பஸ்ஸை மறித்து ஆமிக்காரர்கள் ஏறி அடையாளம் கேட்கிற காலம் அது. அடையாள அட்டை எடுக்கும் வயது எனக்கு வரவில்லை. அதனால் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி அம்மா இடுப்பில் செருகியிருந்தாள்.

கந்தோரில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். நான் விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று அம்மாவைக் கேட்டார்.

வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாவுக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. "பதினெட்டுங்க ஐயா!"

"பதினெட்டு வயசிலயும் பத்தாம் வகுப்போ?"

அம்மா பயந்து ஒரேயடியாக இறக்கினாள். "பதிமூணுங்க."

ஐயா பேனையை மூடினார். "அம்மா, ஒரு நிமிசத்தில அஞ்சு வயசு குறைஞ்சிட்டுது. இன்னும் கொஞ்சம் கதைச்சா தொட்டில் கட்டவேண்டி வரும். பதினாலு முடியாத பிள்ளையை வேலைக்கு விடேலாது. பிறப்புப் பத்திரம் பாக்காமல் நான் ஒண்டும் எழுதமாட்டன்."

"அது வீட்டுல இருக்குங்க" என்றாள் அம்மா.

நான் திரும்பி அவள் இடுப்பைப் பார்த்தேன். பிரஜாவுரிமைக்கென்று அவளுடைய அப்பா ஏதோ ஒரு கந்தோரில் கொடுத்த கடதாசிகள் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரம் எதுவும் அடுத்தவர் கைக்குப் போனதில்லை.

"அம்மா... திங்கக்கிழமை" என்றேன்.

அம்மா பொலித்தீனை அவிழ்த்தாள். பத்திரத்தை மேசையில் விரித்தாள். ஆனால் ஒரு மூலையைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டாள். ஐயா இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாப் பிடியுங்கோ அம்மா. ஃபேன் காத்துக்குப் பறந்திடும்."

எத்தனையோ பேருடைய பேச்சை மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் முதல் வரிசையில் இருக்கிற பேச்சு இது. கழுத்தைச் சாய்த்து, எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்த பத்திரத்தை அப்படியே வாசித்து, இரண்டு பிரதி கடிதம் எழுதினார். சனிக்கிழமையும் விடுமுறையும் மட்டும். பள்ளிக்கூட நேரத்தில் கூடாது. பொழுது சாயுமுன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பேரும் பிறந்த தேதியும் கடைப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அடியில் வட்ட முத்திரை. ஒன்று கடைக்கு, ஒன்று எங்களுக்கு.

மறுநாளே முதலாளி புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து முதல் வரியில் என் பேரை எழுதினார். நாலு மணிக்கு, "எழும்புங்க மகள், பஸ் போயிரும். கடதாசில சொல்லியிரிக்கி" என்று விரட்டினார். கையெல்லாம் சாதிக்காய் மணக்க வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், காதில் பென்சிலோடு கங்காணி வந்தார். நான் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அவ பேரு டவுன்ல ஒரு புத்தகத்துல ஏறிருச்சுங்கண்ணே" என்றாள் அம்மா. "சனிக்கிழமைக்கு மட்டும். மத்த நாளு பள்ளிக்கூடம்."

"யாரு சொன்னது?"

"கவருமெந்து."

அம்மா கடிதத்தை எடுத்து விரித்தாள். கங்காணி கை நீட்டினார். அவள் மூலையை விடவில்லை.

"இப்புடியே படிங்கண்ணே" என்றாள். அவர் கழுத்தைச் சாய்த்தார். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.