நான் சேர்த்த வசனம்

படத்தில் இல்லாத ஆபாசத்தை நான் சேர்த்தேன். பிறகு அந்த ஆபாசத்துக்காக இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு எங்காவது போய்விடுவேன். காலையிலிருந்து எழுந்து எழுந்து வாசல்வரை போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் வரும்போது ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட் கொண்டுவந்தார். எல்லாம் பழைய பிரெஞ்சுச் சிரிப்புப் படங்கள், படுக்கையறைக் கூத்துகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். அவர், நான், ஒரு கம்பவுண்டர், வரிச்சிக்குடியிலிருந்து மொபெட்டில் வரும் ஒரு நெல் விவசாயி. சொல்தாவுக்குப் பட்டாளத்துப் பிரெஞ்சு தெரியும். மற்ற இருவருக்கும் அதுவும் கிடையாது. டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்வது என் வேலை.

அந்தப் படங்களில் கதவுகளுக்குத்தான் முக்கிய வேடம். ஒரு கதவு திறந்தால் கணவன் வருவான். இன்னொரு கதவு வழியாகக் காதலன் ஒற்றைக் காலில் பூட்ஸோடு வெளியேறுவான். அலமாரியைத் திறந்தால் மாமனார் நிற்பார், அவர் வேறு யாருக்கோ பயந்து ஒளிந்தவர். ஆண்களுக்கெல்லாம் தொப்பை. பெண்கள் யாரும் பதறுவதில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, ஆபீஸ் சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். கட்டில் உடையும். அந்த நேரம் காமிரா கட்டிலைப் பார்க்காது, சுவரில் ஆடுகிற தாத்தா படத்தைப் பார்க்கும். யாரும் யாரையும் வெட்டுவதில்லை, விஷம் குடிப்பதில்லை. கடைசியில் ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே மேசையில் கோழி சாப்பிடுவார்கள். உடம்பு என்றால் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்து வளர்ந்தவன் நான். உடம்பு தும்மும், இடறி விழும், அசடு வழியும், அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எனக்குக் காட்டியவை அந்தப் படங்கள்தான்.

பிரெஞ்சுக் கேசட்டுக்கும் நம் ஊர் டிவிக்கும் ஒத்துப்போகாது. கலர்ப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். "அது என்ன கலரு கவுனு, வாத்தியாரே?" என்று விவசாயி கேட்பார். "ரத்தச் சிவப்பு" என்பேன். எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால் நம்பினார்கள். அந்த ருசி பிடித்துப்போயிற்று.

உள்ளதை மட்டும் சொன்னால் அவர்கள் சிரிப்பதில்லை. ஒரு படத்தில் காதலன் அலமாரிக்குள் இருக்கிறான். மனைவி கணவனிடம், "மழை வரும்போல இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறாள். வெளியே நல்ல வெயில். சிரிப்பெல்லாம் அவள் முகத்தில் இருக்கிறது. நான் அந்தக் குடையை வைத்து ஒரு பச்சையான வசனம் சொன்னேன். விவசாயி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

சொல்தாவும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, அந்தம்மா அப்படிச் சொல்லலையே. குடையத்தானே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுது?"

"சொல்தாண்ணே, உங்க பிரெஞ்சு துப்பாக்கி சுடத்தான் லாயக்கு. வாத்தியாரைப் பேச விடுங்க" என்றார் விவசாயி.

உள்ளேயிருந்து சொல்தாவின் மனைவி குரல் கொடுத்தார். அவரை நான் அண்ணி என்பேன். "அப்படி என்னங்க சிரிப்பு? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

"இது ஆம்பளைங்க படம், அண்ணி" என்றேன். அதுவும் நான் சேர்த்ததுதான்.

குடை வசனம் வரிச்சிக்குடி டீக்கடைக்குப் போய், அங்கிருந்து ஊர் சுற்றி, மாதா கோயிலுக்கு வந்து சேர்ந்தது. பங்குச்சாமியார் சொல்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரணை பங்குப் பேரவைக் கூட்டத்தில் நடந்தது, அதில் நானும் இருந்தேன்.

"நீங்க பிரெஞ்சு படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. அதெல்லாம் என்ன மாதிரிப் படம்?" என்று சாமியார் என்னைக் கேட்டார்.

அந்த வாரம்தான் என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எனக்கு எதிரே அதே பேரவையில் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப மோசமான படம், ஃபாதர். நான் ஒரே ஒரு தடவை போனேன், பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

சொல்தா என் பக்கம் திரும்பினார். படத்தில் அழுக்கில்லை, வாத்தியார் தமிழில்தான் அழுக்கு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்: "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஃபாதர்."

திருவிழாத் தேருக்கு முன்னால், சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, சிலுவை ஏந்தி நடப்பவர் அவர்தான். அந்த வருஷம் சிலுவை வேறொருவர் கைக்குப் போயிற்று. பிறகு அவரிடம் திரும்பவே இல்லை. தேர் எங்கள் தெருவில் வந்தபோது அவர் வாசலில் வெறும் சட்டையோடு நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கேசட் பெட்டியை அண்ணி அரசலாற்றில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு கணவரிடம் நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் பேச்சு. மகள் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன பிறகு, சோற்றைப் பரிமாறிவிட்டுக் கரண்டியால் தட்டில் தட்டுவாராம். அந்தச் சத்தம் கேட்டு அவர் எழுந்து வருவாராம். அவர் இறக்கும்வரை அப்படித்தான்.

என் மகள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். பந்தியில் உட்காரவில்லை.

போன தவக்காலத்தில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இப்போதிருப்பவர் இளம் சாமியார். ஜெபமாலை சொல்லச் சொன்னார். "அந்தம்மாகிட்டயும் போய்ச் சொல்லிடுங்க" என்றார். ஜெபமாலை முடிந்தது. கால் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடற்கரைக்குப் போனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், கடைசியில் தருமபுரத்துக்குப் போனேன். அண்ணி இப்போது அங்கே தனியாக இருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி எழுந்துபோய், வாசலில் கூவிய மீன்காரம்மாவை வேண்டாமென்று அனுப்பிவிட்டு வந்தார்.

"அந்தப் படம் இப்பக் கெடைக்குமா?" என்றார்.

என் மகன் இணையத்தில் தேடி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். ஞாயிறு மதியம் அவர் டிவியில் செருகிவிட்டு, பழைய மாதிரியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல்முறையாகக் கலரில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கவுன் சிவப்பு இல்லை, வெளிறின மஞ்சள். வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

குடை வந்தது. "மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அண்ணி."

"இதுக்கா வீடு அதிரச் சிரிச்சீங்க?"

"அவங்க சிரிச்சது நான் சொன்னதுக்கு."

"அவரு?"

"அவருக்குத்தான் பாஷை தெரியுமே. அவர் இதுக்குத்தான் சிரிச்சாரு."

திரும்பப் போடச் சொன்னார். ஜன்னலில் வெயில், அந்தப் பெண்ணின் முகம், குடையோடு குழம்பி நிற்கும் கணவன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "நிறுத்துங்க தம்பி" என்றார்.

நிறுத்தினேன்.

"இதை அவரு என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?" என்றவர், அவரே, "நான் எங்க பேச விட்டேன்" என்றார்.

மன்னித்ததாகச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல்வரை வந்து, "அதை டிவியிலயே விட்டுட்டுப் போங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு மிச்சப் படத்தைச் சொல்லலாம் என்று போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரெஞ்சு கேட்டது. அவருக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. குடை வரும் இடம் வந்தது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து வந்தது. அழைப்பு மணியில் வைத்த விரலை எடுத்துக்கொண்டேன்.

இன்றும் ஞாயிறு. சாப்பாடு முடிந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.