வெள்ளை நூலும் கறுப்புக் கயிறும்

என் மருமகள் லாவோஸ்காரி. மகன் அங்கே ஹோட்டல் வேலைக்குப் போனவன், கட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டான். அவளைப்போல வாழ வந்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் மூணு பேர். பொழிச்சலூரில் ஒருத்தி, வண்டலூரில் இரண்டு பேர்.

நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கும் வருசம் பிறக்கும். எங்கள் வீட்டில் கூடுவார்கள். வாழை இலையைக் கூம்பாகச் சுருட்டி, சாமந்தி சொருகி, நடுவீட்டில் வைப்பார்கள். அப்புறம் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துவார்கள். மனுசனுக்குள் முப்பத்திரண்டு உயிராம். நோய் வந்தால் சிலது வெளியே போய்விடுமாம். அதைக் கூப்பிட்டுக் கட்டி வைக்கிற நூல். மூணு நாள் கையில் இருக்கணும். அப்புறம் அவிழ்க்கலாம், வெட்டக்கூடாது.

இந்த வருசம் எல்லாம் என் பேத்திக்காகத்தான். பங்குனியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை. வீடு வந்தும் சிரிப்பில்லை. மருமகள் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

கட்டி முடித்து, குழந்தை தூங்கியதும், பெண்கள் வாசலில் ஒருத்தர்மேல் ஒருத்தர் தண்ணி ஊற்றினார்கள். அதுவும் அவர்கள் வழக்கம். நான் உள்ளே வந்தேன். குழந்தை கையில் கட்டின நூல் தரையில் கிடந்தது. கத்தரிக்கோல், குழந்தையைப் பார்க்க வந்திருந்த என் அக்கா கையில்.

"இன்னாக்கா இது?"

"செய்வினை மாதிரி கீது. பாஷை தெரியாத பொம்பளைங்க முணுமுணுன்னு ஓதுறாளுங்க. நீ பல்லைக் காட்டிகினு நிக்கிற."

குழந்தையின் இன்னொரு கையில் அக்கா கட்டிய கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துக் கட்டியது. யார் ஓதினது, என்ன ஓதினது என்று மருமகள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குளிப்பாட்டும்போது நனையாமல் அந்தக் கையைத் தூக்கிப் பிடிப்பாள்.

அதைச் சொன்னேன்.

"அது சாமி கயிறுடா."

"இதுவும் அதான்."

"உன் மருமவ சோத்துல இன்னாத்த போட்டாளோ."

மருமகள் ஈரத்துணியோடு கதவருகே நின்றாள். இதெல்லாம் புரிகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியும். குனிந்து நூலைப் பொறுக்கினாள்.

அக்காவின் பையை எடுத்து வெளியே வைத்தேன்.

"ஸ்டேஷனாண்ட வுட்டுடு, போறேன்."

"நடந்து போ."

என் ஆட்டோ வாசலில்தான் நின்றது.

மறுபடி கட்ட உட்கார்ந்தார்கள். "மாமா, உங்க அக்கா தெருமுனையில்தான் இருப்பாங்க. கூப்பிடுங்க. இன்னிக்கு யாரும் கோவமா போகக்கூடாது" என்றாள் மருமகள்.

"நீ கட்டு" என்றேன். கூப்பிடவில்லை.

ஆடி வந்துவிட்டது. பேத்தி சிரிக்கிறாள். அக்காவோடு மருமகள் போனில் பேசுகிறாள். நான் பேசுவதில்லை. கறுப்புக் கயிறு நைந்துபோனது என்று போன வாரம் மருமகளே புதுசு வாங்கிக் கட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிகிறது.