பைப்புக்கு விட்ட இடம்

நான், மகள் ஸ்டெல்லா, வெல்டர் பாஷா. ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் புது ஷெட்டில் நின்றோம். கட்டிங் மெஷின் வைக்க ஸ்டெல்லா தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தாள். அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் இருந்த சாந்தோம் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

நைனாவும் முன்னறையில் இப்படித்தான் கோடு போட்டு மெஷினை இறுக்கினார். வெட்டுவதற்கு இரும்பு பைப்பை அதில் வைத்த பிறகுதான் தெரிந்தது, அதன் மறுமுனை அம்மாவின் அடுப்புக்கு மேலே போய் நிற்கும் என்று. துரு குழம்பில் உதிரும்.

"இன்னாய்யா, மீன் குழம்பா இரும்புக் குழம்பா?"

"கொஞ்சம் தள்ளிக்க மேரி."

அம்மா தள்ளித் தள்ளி வாசலுக்கே போய்விட்டாள். மழையிலும் அங்கேதான் சமைத்தாள்.

"இருபது அடி பைப்புப்பா. மெஷினுக்கு ரெண்டு பக்கமும் முழு நீளம் உட்டா உன் ஆபீஸ் ரூமுக்கு எடம் கெடையாது," என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கு ரூம் வேணாம். பின்னாடி இருக்கிற சமையல் ரூமை மட்டும் தொடாத," என்றேன்.

பாஷா டேப்பை இழுத்துப் பிடித்தான். நாற்பது அடி.