பக்கத்து வீட்டுக்கு ஒரு கேபிள்

என் தங்கை வீட்டை விட்டு ஓடிப்போனவள். அப்பா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வார். ஓடினாள் என்பது உண்மைதான், ஆனால் எட்டடி தூரம்தான் ஓடினாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக அந்த வீட்டு வாசற்படி ஏறினாள்.

அப்பா வேலை பார்த்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை விற்றபோது தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகள் எங்களுடையவை. ஒரே சுவரின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எங்கள் கூடத்தில் மாதா படம், அவர்கள் கூடத்தில் முருகன் படம். இரண்டும் அந்த ஒரே சுவரில் முதுகோடு முதுகு வைத்து மாட்டியிருந்தன. அப்பாவும் அந்தப் பையனின் தகப்பனாரும் பல வருஷம் ஒன்றாகச் செம்பனைக் குலை வெட்டியவர்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் இரண்டு வீட்டு வாளிகளும் கலந்துதான் கிடக்கும். கல்யாணப் பேச்சு வந்ததும் அப்பாவுக்குத் திடீரென்று மாதா கோயிலும் வேதமும் ஞாபகம் வந்துவிட்டன. முன்வாசலில் இடுப்பளவு இருந்த தடுப்புச் சுவரை ஆள் உயரத்துக்குக் கட்டினார். பின்கட்டில் கழுத்தளவு இருந்த சுவரை உயர்த்துவதற்குள் செங்கல் தீர்ந்துபோனது.

அந்த உயர்த்தாத சுவரடியில்தான் அம்மா துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று தங்கையோடு பேசுவாள். நான்கு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது, தங்கை வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் சாலையோரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றே சவப்பெட்டியைப் பார்த்தாள். நான் உள்ளே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

போன வருஷம் ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை கேட்டாள்.

"அக்கா, அம்மா படம் ஒன்னு குடேன். எங்கிட்ட ஒன்னுகூட இல்லலா."

எல்லாப் படமும் எங்கள் வீட்டுப் பழைய கணினியில் இருந்தன. வருஷக்கணக்காக நான் எடுத்த புகைப்படங்கள், வீடியோக்கள். கொஞ்சத்தை ஒரு தம் டிரைவில் ஏற்றி, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போய்ச் சுவர்மேல் நீட்டினேன். அப்பா பின்னால் நின்றிருந்தார். என் விரல்களைப் பிரித்து அதை எடுத்தார். மழைநீர் ஓடிய சாக்கடையில் போட்டார்.

"இந்த வீட்டு சாமான் ஒரு துரும்புகூட அந்தப் பக்கம் போகக்கூடாது, சொல்லிட்டேன்."

எனக்கு நாற்பத்தொரு வயது. அந்த வீட்டில் அரிசி வாங்குவது நான், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது நான். அப்படியும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். அவர் பிடுங்கியது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அம்மாவின் படத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி கைக்குள் மறைத்தேனே, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கலாம். எங்கள் ஊர்ப் போன் இன்டர்நெட்டில் ஒரு வீடியோ போய்ச் சேர அரைநாள் ஆகும், அது வேறு விஷயம். ஆனால் அதுவும் ஒளித்துச் செய்வதுதான். இனி ஒளிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

சுங்கை காடுட்டில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக ஆப்பரேட்டராக இருக்கிறேன். அங்கே சோதனை மேசையில் ஒரு பெட்டியும் ஒரு கணினியும் ஒரே கேபிளால் நேராக இணைந்திருக்கும். நடுவில் இன்டர்நெட்டும் இல்லை, வேறெதுவும் இல்லை. டெக்னீஷியன் வந்து இரண்டிலும் சில எண்களைத் தட்டுவார், இரண்டும் பேச ஆரம்பிக்கும். ஆப்பரேட்டர் தொடக்கூடாது என்று மேசையில் ஒட்டியிருந்தது. நான் தொடவில்லை, பார்த்தேன். ஒருமுறை அந்த எண்கள் என்னவென்று கேட்டதற்கு, "ஒங்களுக்கு எதுக்குக்கா? ரொம்ப டெக்னிக்கல் லா," என்று சிரித்தார். அந்த எண்கள் எனக்கு எப்போதோ மனப்பாடம்.

சிரம்பான் டவுனில் ஒரு கணினிக் கடையில் இருபது மீட்டர் கேபிள் கேட்டேன். கடைக்காரர், "ஃபைல் மாத்தத்தானே? தம் டிரைவ் போதும்லா ஆன்ட்டி," என்றார்.

"வேணாம். நீளமாத்தான் வேணும். கலர் நல்லா எடுப்பா இருக்கட்டும்."

மஞ்சள் நிறத்தில் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, அவர் காலடியிலேயே கேபிளைப் பிரித்தேன்.

"என்னா அது?"

"கேபிள்ப்பா."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். நான் ஒரு முனையைக் கணினியின் பின்னால் செருகினேன். மறுமுனையைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகவும் பின்சுவருக்கு மேலாகவும் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தேன். அவள் தன் லேப்டாப்பைச் சமையல்கட்டு மேசையில் வைத்துக்கொண்டு செருகினாள்.

கேபிள் செருகிய துளை ஓரத்தில் சின்ன விளக்கு மினுங்கியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டில் இன்டர்நெட் பெட்டி இருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் அது ஒரு முகவரி கொடுக்கும். கேபிளை நேராகப் போட்டால் கொடுக்க யாரும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தெரியாமல் சும்மா இருக்கும். முகவரியை நாம்தான் எழுத வேண்டும். நான்கு எண்களில் முதல் மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் வேறு. ஜன்னல் வழியாகக் கத்திக் கத்திச் சொன்னேன்.

"கடேசி நம்பர் என்னாக்கா?"

"எனக்கு ஒன்னு, ஒனக்கு ரெண்டு."

"இதுலயும் நீதான் மொதல்லயா?"

"மூத்தவ நான்தான்டி. அடி பேசாம!"

எண்ணை அடித்தாள். என் பக்கம் 'அம்மா' என்ற ஃபோல்டரைப் பகிர்வுக்குத் திறந்து வைத்தேன். அவள் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. பாஸ்வேர்ட் கேட்பதை நிறுத்தினேன். மறுபடியும் அனுமதி இல்லை. பிறகுதான் தெரிந்தது, என் கணினியின் பாதுகாப்புச் சுவர் அவளை வெளியாள் என்று தடுத்துக்கொண்டிருந்தது. இந்த இணைப்பு வீட்டு இணைப்பு என்று மாற்றி, கோப்புகளைப் பகிர அனுமதி கொடுத்தேன். அதைச் செய்யும்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியவை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"வந்துருச்சுக்கா! அம்மா வந்துருச்சு!"

படங்கள் போக ஆரம்பித்தன. தங்கையும் சும்மா இருக்கவில்லை. அவள் பக்கம் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். அவளுடைய கல்யாணம், இரண்டு பெண்பிள்ளைகளின் பிறந்தநாட்கள், நான் எட்டடி தள்ளி இருந்தும் பார்க்காத எட்டு வருஷம் அதற்குள் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்னத்தடி புடிக்கிற? கை பூரா பலாப்பாலு, இதுல படம் வேற! போய் எண்ணெய் எடுத்தா!"

தங்கை ஒரு வீடியோவை ஓடவிட்டிருந்தாள். அம்மா பலாப்பழம் அறுக்கும்போது நான் எடுத்தது. எனக்கு அது வீடியோ என்று தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. கூடத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் சமையல்கட்டுக்கு வந்து வெறும் பின்கட்டைப் பார்த்தார். துவைக்கிற கல்லைப் பார்த்தார். அம்மா அந்தப் பக்கம் சிரித்தாள். அதன் பிறகுதான் அவர் கண் ஜன்னல் வழியாகப் போகும் மஞ்சள் கேபிளில் விழுந்தது.

"புடுங்கு அத."

"மாட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? அவளுக்கும் அம்மாதானே?"

"ஒரு துரும்புகூடப் போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"ஒன்னும் போகலப்பா. அம்மா படம் எல்லாம் இங்கதான் இருக்கு, வந்து பாருங்க. அங்கயும் இருக்கு, அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து பாராங் கத்தியை எடுத்தார். சுவரருகே தங்கை, "ப்பா!" என்று கத்தினாள். எட்டு வருஷத்தில் அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

 நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"வெட்டுங்க. நாளைக்கு வேற வாங்கிட்டு வருவேன். அதையும் வெட்டுனீங்கன்னா அடுத்த நாளும் வாங்குவேன். அம்மா பெட்டியத் தூக்குனப்ப நான் சும்மா நின்னேன். இனிமே நிக்க மாட்டேன்."

வெட்டினார். ஜன்னல் கட்டையில் வைத்து, குலை வெட்டிய கையால் ஒரே வெட்டு. பக்கத்து வீட்டில் குரல் நிற்கவில்லை. அந்த வீடியோ ஏற்கெனவே முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா எண்ணெய் கேட்டுத் திட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா கத்தியைப் பிடித்தபடி அந்தக் குரல் முடிகிறவரை நின்றார்.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து, உடை மாற்றாமல் நேராகக் கடைக்குப் போனேன். இந்த முறை இரண்டு கேபிள் வாங்கினேன். ஒன்றை அவர் பார்த்திருக்கவே அதே வழியில் போட்டேன். இன்னொன்றைப் பிரிக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்து, ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு, தம்பின் என்ற ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கேபிள் அங்கேயே இருந்தது. துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போகும்போது குனிந்து அதற்கு அடியில் நுழைந்தார்.  இதைக் கேட்கிறவர்கள், அவர் யாருக்கும் தெரியாமல் பேத்திகளின் படத்தைத் திறந்து பார்த்திருப்பார் என்று நான் சொல்லக் காத்திருக்கிறார்கள். பார்க்கவில்லை. அவருக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது. காட்டுகிறேன் என்று நானும் கெஞ்சப் போகவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கிளம்பினேன்.

"எங்க போற?"

"பக்கத்து வீட்டுக்கு. தங்கச்சியப் பாக்க."

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டேன். திரும்பும்போது தங்கை ஒரு தட்டு நிறைய முறுக்கு கொடுத்தாள். அதை மூடாமல் கையில் ஏந்தியபடி சாலை வழியாக வந்து, கூடத்து மேசையில் அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நன்றாகச் சத்தம் வரக் கடித்துத் தின்றேன்.