நடுத்தெருவில் ஒரு மரம்

போன வருடம், இரண்டாம் பருவம் ஆரம்பித்த முதல் வாரம் அது. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் பள்ளி வாசலில் பார்சல் கொண்டுவந்த இளைஞர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, போனில் மேப்பைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். அந்த மேப் அவரை ஒரு மதில் சுவருக்குள் புகுந்து போகச் சொல்லியிருக்கிறது. என் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அதெல்லாம் வேலைக்கு ஆவாது. நேரா போ, வாசல்ல நாய் தூங்கிகினு இருக்கும், அந்த வூட்டாண்ட லெஃப்ட் எடு" என்றான். போனவர் ஐந்தே நிமிடத்தில் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அவனுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பருவத்தில் திசைகளும் வரைபடமும் பாடம். புத்தகத்தில் இருக்கிற ஊர் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு பூங்கா, ஒரு தபால் நிலையம், ஒரு மருத்துவமனை. அது யாருடைய ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதை எதற்கு நடத்த வேண்டும்? அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை அவரவரே வரையட்டும் என்று முடிவெடுத்தேன். அன்று மாலையே சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென் எல்லாம் வாங்கிவிட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் மறுநாள் வரை பொறுக்காது.

பிள்ளைகள் வரைந்துகொண்டு வந்ததைப் பார்த்தால் சிரிப்பாக வந்தது. ஒருவன் தன் வீட்டையும் பேக்கரியையும் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தான். "நடுவுல ஒண்ணுமே இல்லியாடா?" என்றதற்கு, "இருக்கும் மிஸ், நான் பாத்ததில்ல" என்றான்.

மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு சிறுமி, அதிகம் பேசாதவள், மிகவும் அக்கறையாக வரைந்திருந்தாள். கரண்டு கம்பங்களை எண்ணிப் போட்டிருந்தாள். ஒவ்வொரு கேட்டுக்கும் அதனதன் நிறம். ஆனால் மஞ்சள் கேட்டுக்கு நேராக, தெருவின் நட்டநடுவே ஒரு மரம். அதன் உச்சியில் சிவப்பாக ஒரு பூ. படத்திலேயே பெரியது அந்த மரம்தான்.

"ரோட்டு நடுவுல மரம் எப்படிம்மா இருக்கும்?"

"இருக்கு மிஸ். எங்கப்பாதான்..."

நான் முடிக்க விடவில்லை. வேகமாக போனை எடுத்து, வானத்திலிருந்து எடுத்த படத்தில் அவள் தெருவைத் தேடிப் பெரிதாக்கி, வகுப்புக்கே காட்டினேன். "பாருங்க, எங்கயாவது மரம் தெரியுதா? மேப்னா உள்ளதை உள்ளபடி வரையணும்." சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவால் மரத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பேக்கரிப் பையன் அவளை "மரம்" என்று கூப்பிட ஆரம்பித்தான். அதன் பிறகு அவள், வரையச் சொன்ன எதையும் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வரைந்து வைத்தாள். நானும் திருந்திவிட்டாள் என்று 'நன்று' போட்டேன்.

நான் மாடம்பாக்கத்திலிருந்து வருகிறவள். பஸ் ஸ்டாப், பள்ளி, பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். அந்தத் தெருவில் என் கால் ஒரு நாளும் பட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து மழை. பள்ளி தொடங்கிய பிறகுதான் விடுமுறை என்று தகவல் வந்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் குடையோடு வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பதினொரு மணிக்கு மிச்சமிருந்தது இரண்டு பேர். அந்தச் சிறுமியும், அவளுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பேக்கரிப் பையனும். அவள் அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். போன் செய்தபோது, கிளம்பிவிட்டதாகவும் வழியெல்லாம் தண்ணீர், வர நேரமாகும் என்றும் சொன்னார். வீட்டில் அம்மா கைக்குழந்தையோடு இருக்கிறாராம். "நானே கூட்டிட்டுப் போய் விடறேங்க" என்றேன். ஒரு கையில் அவள், மறு கையில் அவன், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே குடை.

அவள் தெருவுக்குள் திரும்பினால், தெருவையே காணோம். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே பழுப்புத் தண்ணீர். பிள்ளைகளுக்கு முழங்கால் வரை இருந்தது. ஓரங்களில் வடிகால் இருக்கும், நடுவில் நடப்பதுதான் பத்திரம் என்று நான் நடுத்தெருவுக்கு இழுத்துப் போனேன். பையன் அந்த நேரத்திலும் விடவில்லை.

"எங்கடி உன் மரம்? நீந்திகினு போய்ட்ச்சா?"

அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கம்பங்களை எண்ணுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் கேட் தெரிந்ததும் அப்படியே நின்று, என் கையைப் பலம்கொண்ட மட்டும் பின்னால் இழுத்தாள்.

"மிஸ், போகாதீங்க. அங்கதான் மரம்."

"மரம் எதுவும் இல்லையேம்மா, வா."

"இல்ல மிஸ், அதான் போகக் கூடாது. செவுத்தோரமா வாங்க."

அவள் அழுதுவிடுவாள் போல இருந்ததால்தான் நின்றேன், நம்பியதால் அல்ல. அவளைச் சமாதானப்படுத்துவதற்காகக் குடையை மடக்கி, இரண்டடி முன்னால் தண்ணீரில் ஊன்றிக் காட்டினேன். தரை தட்டவில்லை. குடை போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடியும் என் மணிக்கட்டும் நனைந்த பிறகும் அடியில் எதுவும் தட்டவில்லை.

நான் இரண்டு பிள்ளைகளையும் வாரித் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தது நினைவிருக்கிறது. எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பையன் என் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவள் வீட்டுப் படியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, தெருமுனையில் அவள் அப்பா வந்தார். தொப்பலாக நனைந்து, தோளில் ஒரு முருங்கைக் கிளையோடு. வீட்டுக்குக்கூட வராமல், நேராக மஞ்சள் கேட்டுக்கு எதிரே போய், காலால் தடவிப் பார்த்து, அந்தக் குழிக்குள் கிளையைச் செருகினார். பையிலிருந்து ஒரு பழைய சிவப்புத் துணியை எடுத்து உச்சியில் கட்டினார். அப்போதுதான் எனக்கு அந்தப் பூ எது என்று புரிந்தது.

"சாக்கட மூடி ஒடஞ்சு ரெண்டு மாசமாவுது மிஸ்," என்றார். "எழுதிக் குடுத்துகீறோம். புது மூடி போடற வரைக்கும் யாரும் வுழக்கூடாதுன்னு இத்த மாதிரி ஒரு கெளைய நட்டு வெச்சேன். மழைல அடிச்சுகினு போய்ட்ச்சு போல."

அவர் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"மேப்ல மரத்தை அடிச்சிட்டாங்கன்னு இது அன்னிக்கு ஒரே அழுகை மிஸ். நான்தான் சொன்னேன், மிஸ்ஸு சொன்னா கரீட்டாதான் இருக்கும்னு."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பள்ளி மறுபடி திறந்த அன்று, நடந்ததை வகுப்பு முன்னால் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பேக்கரிப் பையன் தானாகவே எழுந்து நின்று, "நானும் சாரி மிஸ்" என்று அவளைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னான். அவள் வரைபடத்தை எடுத்து, என் சிவப்புக் கோட்டை அழிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அவள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பரவால்ல மிஸ்," என்றாள். ஸ்கெட்ச் பென்னால் அந்தக் கோட்டைத் தடிமனாக்கி, ஓரத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு, கிளையில் கட்டிய இன்னொரு துணியாக மாற்றிவிட்டாள்.

பொங்கலுக்கு முன்பே புது மூடி போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அவள் என் மேசைக்கு வந்து கேட்டாள்: "இப்ப மரம் இல்ல மிஸ். மேப்ல என்ன பண்றது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்த வருடம் ஒன்றைச் செய்யப் போகிறேன். இரண்டாம் பருவம் தொடங்கும் முன்பே, பழைய வகுப்பையும் புது வகுப்பையும் சேர்த்து, சனிக்கிழமைகளில் இவர்கள் வரும் தெருக்கள் எல்லாவற்றிலும் நடக்கப் போகிறோம். துணியில் பெரிய வரைபடம் ஒன்று. மரம், குழி, தண்ணீர் தேங்கும் இடம், எதுவானாலும் குண்டூசியால் குத்தி வைக்கலாம், மாறினால் எடுத்துவிடலாம். மழைக்கு முன்னால் அதைப் பள்ளி வாசலில் தொங்கவிட வேண்டும். வழிகாட்டியாக முன்னால் நடக்கப் போவது நான்காம் வகுப்புக்குப் போய்விட்ட அவள்தான். நான் பின்னால் வருகிறேன், போனையும் சிவப்புப் பேனாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு பிள்ளை "இருக்கு மிஸ்" என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டு.