சிவப்பு மருந்தும் பக்கத்துக் கட்டில் அக்காவும்

போன வருஷம் ஆவணி மாதம். திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டாவது கீமோ. மார்பகப் புற்றுநோய். அடி அண்ணாமலையில் எங்களுக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை விவசாயம். காய்ச்சலுக்குக்கூட படுக்காதவள் நான்.

மருந்து ரத்தச் சிவப்பு. மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து எடுப்பது, புற்றுச் செல்களைப் பெருக விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ பார்த்துவிட்டுத்தான் போட ஆரம்பித்தார்கள். முடி கொட்டும், சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும், "மண்ணுலேர்ந்து வந்ததா? அப்போ நம்ம சொந்தக்காரன்தான். உன்ன ஒண்ணும் பண்ணமாட்டான்" என்று சிரிக்க வைத்தார்.

அன்று அவர் டீ வாங்கக் கீழே போயிருந்தார். மருந்து ஏற ஆரம்பித்ததும் ஊசி குத்திய இடம் எரிந்தது. இவ்வளவு கடுமையான மருந்து எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நர்ஸைக் கூப்பிடக் கூச்சம் வேறு.

பக்கத்துக் கட்டிலில் வேங்கிக்காலிலிருந்து வந்த ஒரு அக்கா. அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவர் கையிலும் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? எரியுதா?"

"கொஞ்சம்தாங்க்கா."

"கொஞ்சமா இருந்தாலும் சொல்லணும்மா!" என்றவர், சலைன் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு வாசல் வரை போய்க் கத்தினார். "சிஸ்டர், சீக்கிரம் வாங்க! இவங்களுக்குக் கை எரியுதாம்!"

நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தினார். ஊசி விலகி, மருந்து லேசாகச் சதைக்குள் கசிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சதை வெந்து புண்ணாகி, கையை மடக்கவே முடியாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஐஸ் ஒத்தடம் கொடுத்தார்கள். அக்கா தன் கட்டிலுக்குப் போகவில்லை. என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வலியைத் தாங்குனா இங்க யாரும் பிரைஸ் தர மாட்டாங்கம்மா" என்றார். அழுகையோடு சிரித்தேன். விஷயம் கேட்ட என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கி வந்த டீயை அக்காவிடம் நீட்டினார்.

இப்போது நன்றாக இருக்கிறேன். முடிகூட சுருள் சுருளாக வந்துவிட்டது. லேசாகத் தலை வலித்தாலும் வீட்டில் சொல்லிவிடுகிறேன், அவர் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை. நம் வலியைச் சொன்னால் எழுந்து ஓடிவர யாரோ ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையை அந்த அக்காதான் தந்தார்; அந்தத் தைரியத்தில்தான் இன்றும் ஒவ்வொரு செக்கப்புக்கும் போகிறேன்.